மூன்று இடத்தில் ஒரே நில்லு

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் ஊர் காஜா பெராங்கில் எனக்கு ஓர் ஆள்கூடக் கிடைத்ததில்லை. மீன் விலை, டெங்கிக் காய்ச்சல், நாலு நம்பர் லாட்டரி, யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி வேகாமல் போனது என்று மற்ற எதற்கும் ஆள் உண்டு. நானும் வாய் ஓயாதவன். டெலிபோன் லைன் பழுது பார்க்கிற வேலை எனக்கு. ஏணியில் நின்றாலும் கீழே போகிறவர்களிடம் பேசிக்கொண்டேதான் கம்பியை முறுக்குவேன். ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால், அந்தத் திரையில் நடப்பது எனக்கும் அதற்கும் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடத்தில் பிறந்தவன். நாட்டுக்கு என்ன வயதோ எனக்கும் அதே வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது. தள்ளிப்போனது, அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அக்கா குளுவாங்கில் இருந்தாள். நான் சிட்டி கம்பம் என்கிற குடியிருப்பின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டில். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டில் இருந்த லினக்ஸை அதில் ஏற்றியிருந்தேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புரோகிராம் எழுதக் கற்றது முழுக்க அந்தத் தட்டிலிருந்த விளக்கங்களைப் படித்துப் படித்து, புரியாத இடத்தில் டீ போட்டுக் குடித்து, மறுபடி படித்துத்தான்.

என் பின் வீட்டில் ஒரு சிட்டி பெரியவர் இருந்தார். சிட்டிகள் எந்தக் காலத்திலோ இங்கே வந்த தமிழ் வியாபாரிகளின் வம்சம்; சாமி கும்பிடுவது நம்மைப் போல, வீட்டில் பேசுவது மலாய். அவர் அந்தக் காலத்தில் நில அளவை ஆபீசில் சங்கிலி பிடித்தவர். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்; அவருக்குத் தெரிந்த தமிழில் அது பாதி. மற்றதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், விட முடியாத ஒன்றிரண்டு சொல்லை மட்டும் அப்படியே வைக்கிறேன்.

அந்த மனிதரின் வாயிலிருந்து விழுவதைக் கேட்கவே நான் பின்வேலிக்குப் போவேன். மீன்காரன் விலையை ஏற்றிச் சொன்னால், "நீ மீனை விற்கிறியா, கடலை விற்கிறியா?" என்பார். யாராவது பெரிய மனுஷத்தனம் காட்டினால், "மெர்டேக்காவுக்கு முன்னாடியே எனக்குப் பல் முளைச்சாச்சு" என்பார். மழை விடாமல் பெய்தால், "மேலே எவனோ பைப்பை மூட மறந்துட்டுப் படுத்துட்டான்." இப்படி நாள் முழுக்க.

அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன்னால் நான் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"எதுக்கு?" என்றார்.

"உங்க பேச்செல்லாம் வேணும் அங்கிள். அப்புறம் ஒரு வழி செய்யலாம்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார்: "இத்தனை வருசம் காது வலிக்கக் கேட்டது போதாதா? இதுக்கு மெசின் வேறயா?" சொல்லிவிட்டு வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டார். டேப்பில் தண்ணீர்ச் சத்தம் கொட்டியது. அங்கிள் எரிச்சலோடு உள்ளே பார்த்துக் கத்தினார்: "மாக்ஞா!"

பிள்ளைகளின் அம்மா என்று அர்த்தம். மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. குழாய் நின்றது. பதிவு தொடர்ந்தது.

பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் அந்த டேப்பைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றிக்கொண்டேன். என்னிடமிருந்த இன்னொரு பழைய பெட்டியை அவர் வீட்டுக்கே கொடுத்தேன். அதற்குச் சவுண்ட் கார்டு கிடையாது. பிரிண்டர் மாட்டுகிற வாசலில் சில ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து, ஒரு பழைய ஸ்பீக்கரோடு இணைத்தேன். ஒவ்வொரு விசைக்கும் ஒரு பேச்சு. அறுவை முடிந்து வந்த பெரியவர், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு முதல் விசையை அழுத்தினார். மீன்காரனைத் திட்டியது. மீன்காரனே அங்கே இல்லை. அவர் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் மட்டும் வரவில்லை.

ஒரு விசை மட்டும் விளையாட்டுக்கு இல்லை. போகிப் பண்டிகையன்று சிட்டி வீடுகளில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போன மூத்தவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் படைத்து, சாம்பிராணி போட்டு, வீட்டில் மூத்தவர் அவர்களை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக் காத்திருப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தக் கூப்பாட்டை அவர் டேப்பில் சொல்லியிருந்தார்: "டாத்தோக், நேனேக், பாப்பாக், மாக்..." தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா. கடைசியில், "மாரி மாக்கான்." வந்து சாப்பிடுங்கள். முதல் வருடம் விசையை அழுத்தி, அவர் குரலாலேயே எல்லாரையும் கூப்பிட்டார். இலை போட்டது அவர் மனைவி.

அடுத்த போகிக்கு முன்னால் அந்த அம்மா இறந்துபோனார். பசாருக்குப் போய்விட்டு வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்தவர்தான்.

போகி நெருங்குகையில் ஒரு நாள் காலை, புக்கிட் பாருவுக்குக் கல்யாணமாகிப் போன அவர் மகள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பெரியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கூப்பாட்டு விசையை அழுத்தினார். "மாக்" என்று சொல்லி முடித்து "மாரி மாக்கான்" வருவதற்கு முன்னால் கையை உயர்த்தி, சுவரில் இருந்த மனைவியின் படத்தைக் காட்டினார். அங்கே, அந்த இடத்தில், இவள்.

"அப்பா சொல்றது புரியுதா அபாங்?" என்றாள் மகள். அபாங் என்றால் அண்ணன். "அம்மாவையும் அந்த வரிசையில கூப்பிடணுமாம். முடியலைன்னா சித்தப்பா கிளேபாங்கிலேர்ந்து வந்து கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கார்."

பெரியவர் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் காட்டினார்: அவன் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள்.

மகள் சிரிக்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் பேச்சு நின்று ஒரு காலமாகியிருந்தது. அந்தச் சந்துக்கே தெரிந்த விஷயம். பெரியவர் என்னையே பார்த்தார். செய்து தருகிறேன் என்றேன். டேப்பில் அந்த ஒரு "மாக்ஞா!" இருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

சுலபம் என்றுதான் நினைத்தேன். கூப்பாட்டை இரண்டாக வெட்டி, நடுவில் "மாக்ஞா"வை வைத்து, மூன்றையும் ஒரே மூச்சாக ஓடவிட வேண்டும். இதுவரை ஒலியை வெளியே தள்ளுகிற அந்தச் சின்னப் பகுதியைப் புரோகிராமில் ஓர் இடத்திலிருந்துதான் அழைத்திருந்தேன். இப்போது மூன்று இடத்திலிருந்து அழைத்தேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தேன், அதாவது நான் எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றச் சொன்னேன். திரையில் பிழை.

அந்தச் சின்னப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது வரிசையாக வரும் எண்கள். ஓர் எண்ணை வெளியே தள்ளி, ஒரு துளி நேரம் காத்திருந்து, அடுத்ததைத் தள்ள வேண்டும். காத்திருப்பு கூடினால் அங்கிள் குடித்தவர் மாதிரி இழுத்துப் பேசுவார், குறைந்தால் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடுவார். அதனால் மற்றதையெல்லாம் சி மொழியில் எழுதிவிட்டு, இந்தக் காத்திருப்பை மட்டும் சிப்பின் சொந்த மொழியான அசெம்ப்ளியில், சி-யின் நடுவிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தேன். சுற்றிச் சுற்றித் திரும்பி வர வேண்டிய இடத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். நானாகக் கற்றவன், வாயில் வந்த தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தேன்: நில்லு.

பிழை சொன்னது இதுதான்: 'நில்லு' ஏற்கெனவே இருக்கிறது.

என் கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒரே ஒரு நில்லுதான் இருந்தது. பிழையோடு ஒரு வரி எண்ணும் வந்தது. அந்த எண்ணுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் என் கோப்பு அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டது. இல்லாத வரியில் தப்பு இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவனிடம் என்ன பேசுவது?

பெயர்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று 'பொறு' என்று மாற்றினேன். 'பொறு' ஏற்கெனவே இருக்கிறது என்றது. 'இரு' என்றேன். அதுவும் ஏற்கெனவே இருந்தது. கோபத்தில் அக்காள் மகனின் செல்லப் பெயரை வைத்தேன். அவனும் ஏற்கெனவே இருந்தான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தோசைக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டது.

"என்னா அண்ணே, பசியாறலையா? மொகம் பேஸ்தடிச்ச மாதிரி இருக்கு."

"வீட்டுல சண்டக்கா."

"வீட்டுலயா? ஒங்க வீட்டுல யாரு இருக்கா சண்ட போட?"

"கம்ப்யூட்டர்தான். நில்லுன்னு ஒன்னு எழுதுனேன். நில்லு ஏற்கெனவே இருக்குங்குது."

"அப்ப ஒக்காரச் சொல்லுங்கலா," என்று தோசையைத் திருப்பிப் போட்டது. கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குத் தெரிந்தது, இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்க ஆரம்பித்தால் எல்லாரும் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். கம்பைலரை ஓட்டும்போது, வேகமாக்கு என்று ஒரு விருப்பம், ஆப்ஷன், கொடுத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை எடுத்துப் பார்த்தேன். நில்லுப் பிழை போய்விட்டது! ஆனால் பிரிண்டர் வாசலில் எழுதுகிற கட்டளை எங்கே என்று தெரியவில்லை என்று புதுப் பிழை வந்தது. விளக்கத்தைப் புரட்டினால், அந்தக் கட்டளை வேகமாக்கும் விருப்பத்தோடு மட்டும்தான் வேலை செய்யும் என்று எழுதியிருந்தது. விருப்பத்தைக் கொடுத்தால் நில்லு ஏற்கெனவே இருக்கிறது. கொடுக்காவிட்டால் வாசலே இல்லை.

வாசலில் மகள் வந்து நின்றாள். கையில் பழக்கூடை, இலைக்கட்டு. "அபாங், நாளைக்குத்தான் போகி. சித்தப்பாவுக்கு என்ன சொல்லட்டும்?"

"இன்னும் கொஞ்சம் பொறு."

"அப்பா சாப்பிடலை. கேட்டா உங்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டுறார்."

அவள் போன பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. பிழையைச் சொல்வது கம்பைலர் இல்லை. நில ஆபீசில் முன் கவுண்டர் குமாஸ்தா ஒட்டின உறையைப் பிரிக்காமல் உள்ளே அனுப்புவான் அல்லவா, அந்த மாதிரி, மேற்கோள் குறிக்குள் நான் எழுதியதைக் கம்பைலர் படிப்பதே இல்லை. சி-யை மட்டும் அசெம்ப்ளியாக மாற்றி, என் வரிகளை அப்படியே நடுவில் வைத்து, ஒரு தற்காலிகக் கோப்பாக உள்ளே அசெம்ப்ளர் என்கிற இன்னொரு புரோகிராமிடம் தள்ளிவிடுகிறது. குறை சொல்வது உள்ளே இருப்பவன். அவன் சொல்லும் வரி எண் அந்தக் கோப்பின் எண். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பு அழிந்துவிடும். இல்லாத வரி இல்லை அது. நான் பார்க்காத வரி.

அழிக்காதே, எனக்குக் கொடு என்று கம்பைலரிடம் கேட்க ஒரு வழி இருந்தது. கேட்டேன். கோப்பைத் திறந்தேன். நான் ஒரே ஒரு தடவை எழுதிய நில்லு அங்கே மூன்று இடத்தில் இருந்தது. வேகமாக்கு என்று சொன்னதால், அழைத்த இடத்துக்கெல்லாம் கம்பைலர் அந்தச் சின்னப் பகுதியையே முழுசாகப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தது. என்ன பெயர் வைத்தாலும் மூன்று ஆகும். அசெம்ப்ளர் பாவம், எந்த நில்லுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரியாமல்தான் கத்தியிருக்கிறது.

பெயருக்குப் பதிலாக வெறும் எண் வைக்கலாம் என்று அசெம்ப்ளர் விளக்கத்தில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. ஒன்று என்கிற அதே எண்ணை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். திரும்பும்போது 'பின்னால் இருக்கிற ஒன்று' என்றோ, 'முன்னால் வருகிற ஒன்று' என்றோ சொன்னால் போதும். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கிட்டே இருப்பதை அது எடுத்துக்கொள்ளும்.

படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் சந்தில் எத்தனை அங்கிள்! யாரும் யாரையும் பெயர் சொல்வதில்லை. பின் வீட்டு அங்கிள் என்று நான் சொன்னால் ஒருவர், தோசைக்கடை அக்கா சொன்னால் வேறொருவர். புதிதாக வந்த தபால்காரரைத் தவிர எவரும் குழம்பியதில்லை. இத்தனை நாளும் அப்படியே வாழ்ந்துவிட்டு, இங்கே வந்து ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். இன்று கேட்டால் இதைச் சரி செய்ய வேறு வழிகளும் இருந்தன என்பேன். அன்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

நில்லுவை எடுத்துவிட்டு ஒன்று என்று போட்டேன். திரும்புகிற இடத்தில், பின்னால் இருக்கிற ஒன்று. கம்பைல் செய்தேன்.

ஒன்றும் வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் அது எதுவும் சொல்லாது. அடுத்த கட்டளைக்காகக் கோடு கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.

எழுந்து சந்துக்கு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உச்சி வெயில். தோசைக்கடை கழுவிவிட்ட தரையோடு மூடிக்கிடந்தது. ஒரு பூனை மட்டும் சாக்கடைக் கல்லின் மேல் படுத்திருந்தது. அதனிடம் என்ன சொல்ல? உள்ளே திரும்பி மூன்று துண்டையும் ஓட்டிச் சோதித்து, பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பின்வேலி வழியாகப் போனேன்.

போகியன்று சாயங்காலம் அவர்கள் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள். இலைகளில் சோறு, மீன், பலகாரங்கள். கடைசி இலை புதியது, அந்த அம்மாவுக்கு. பெரியவரின் கிளேபாங் தம்பி சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பிராணிப் புகை கூரையில் முட்டித் திரும்பியது. பெரியவர் விசையை அழுத்திவிட்டுக் கைகளைக் கூப்பிக்கொண்டார்.

"டாத்தோக், நேனேக், பாப்பாக், மாக்..." நிதானமான, சாமி காரியத்துக்கு உரிய குரல். உடனே, துளி இடைவெளி இல்லாமல்: "மாக்ஞா!"

நான் வீட்டில் சோதிக்கும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு வருகிறதா என்றுதான் கேட்டேனே தவிர, என்ன வருகிறது என்று கேட்கவில்லை. குழாயை மூடச் சொல்லிக் கத்திய குரல் அது. தாத்தா பாட்டியையெல்லாம் பணிந்து கூப்பிட்டுவிட்டு, மனைவியை மட்டும் அதட்டியது. பின்னாலேயே "மாரி மாக்கான்" என்று பழைய நிதானம்.

கிளேபாங் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இப்படிக் கூப்பிட்டாத்தான் அண்ணி எந்திரிச்சு வரும்," என்றார். "மரியாதையாக் கூப்பிட்டிருந்தா யாரோன்னு நினைச்சிருக்கும்."

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பெரியவர் கூப்பிய கைகளைப் பிரிக்காமல் கடைசி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். முற்றத்தில் அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பார். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பொங்கல் முடிந்து மகள் புக்கிட் பாருவுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஒரு மாலை, நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின் வீட்டிலிருந்து கேட்டது: "மாக்ஞா!" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்று துண்டையும் தனித்தனியாகச் சோதிப்பதற்கென்று நான் மூன்று விசை வைத்திருந்தேன். எடுத்துவிட மறந்திருந்தேன். நடு விசையை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் தினமும் கேட்டது, விளக்கு வைக்கிற நேரத்தில், கூப்பிடுவதும், காத்திருப்பதும், திரும்பக் கூப்பிடுவதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள்.

"அபாங், அந்த ஒரு விசையை எடுத்துடுங்களேன். நான் வந்தா அடுக்களையில நிக்கவே முடியலை. எனக்கு அம்மா பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. அப்பாவுக்கும் இது நல்லதில்லை."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வரியை அழித்துக் கம்பைல் செய்தால் போதும், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவள் தோளுக்கு மேல் பின்வேலி தெரிந்தது. அதற்கப்பால் ஜன்னல் ஓரத்தில் பெரியவரின் தலை.

"அதைத் தொட்டா மறுபடியும் அந்தப் பிழையெல்லாம் வந்துடும்மா," என்றேன். "அப்புறம் மற்ற விசையும் பேசாம போயிடும்."

"அப்படியா?" என்றாள். "சரி, அப்ப வேணாம்."

நம்பிவிட்டுப் போனாள். அது பொய் என்று தெரிந்த ஆள் அந்தச் சந்திலேயே நான் ஒருவன்தான்.